பெற்றோர் என்று ஒரு கட்டம்

என் மகளைப் பெற்றவள் நான். ஒன்றரை நாள் வலி பட்டுப் பெற்றேன். ஆனாலும் ஒரு வருஷமும் நாலு மாதமும், அவளுடைய விளையாட்டுக் கணக்கில் ‘பெற்றோர்’ என்று இருக்கும் கட்டத்துக்குள் இன்னொரு பெண்ணின் ஈமெயில்தான் இருந்தது. அதை அங்கே போடச் சொன்னவளும் நானே. அதனால் யாரிடமும் போய்ச் சொல்லி அழவும் முடியவில்லை.

அந்த அக்கா வலங்கைமான் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். கடை அவருடையது இல்லை. ஆனால் முதலாளியைத் தேடி யாரும் அங்கே போனதில்லை. நிலத்துக்குச் சிட்டா அடங்கல் எடுக்க, பயிர்க் காப்பீடு பதிய, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, எல்லாவற்றுக்கும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அவரைத் தேடித்தான் வருவார்கள். நாற்பதைத் தாண்டிய வயது. கல்யாணம் ஆகவில்லை. காட்டன் புடவை, மூக்கில் நழுவிக்கொண்டே இருக்கும் கண்ணாடி, கட்டைவிரலில் ஸ்டாம்ப் பேடு மையின் ஊதா. கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு ஃபோன் வந்து, பிள்ளைகள் எல்லாம் அதில் விளையாடப் பழகிய பிறகு அவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் விளையாட்டில் கணக்குத் தொடங்கிக் கொடுப்பது.

மற்ற கடைகளில் இது இரண்டு நிமிஷ வேலை. பிறந்த வருஷம் என்று கேட்கிற இடத்தில் வாய்க்கு வந்த பழைய வருஷம் ஒன்றைத் தட்டுவார்கள், பிள்ளை பெரிய ஆளாகிவிடும், எல்லாக் கதவும் திறந்துவிடும். இந்த அக்காவிடம் போனால் அரை மணி நேரம். பிள்ளையைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைப்பார். கேள்வியெல்லாம் பிள்ளையிடம்தான். கூட வந்தவர்கள் முந்திக்கொண்டு பதில் சொன்னால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

“உன் பேரு என்ன? அது எனக்கு மட்டும். இதுக்குள்ள போறதுக்கு வேற பேரு வேணும். என்ன வைக்கலாம் சொல்லு.”

பிள்ளை யோசிக்கும். அவரும் கன்னத்தில் கை வைத்துச் சேர்ந்து யோசிப்பார். மஞ்சள் தவளை, இட்லி ராணி, பறக்கும் டிராக்டர் என்றெல்லாம் பேர் வைத்துக்கொண்ட பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். சொந்தப் பேர், ஊர்ப் பேர், பள்ளிக்கூடத்தின் பேர் எதுவும் வரக் கூடாது. அதற்கப்புறம் பிறந்த தேதி. அதில் மட்டும் யார் கெஞ்சினாலும் அசைய மாட்டார்.

“ஆறுன்னா ஆறுதாங்க. அது பக்கத்துலயே ஒக்காந்திருக்கு, அது காதுபட எப்படி நான் இருபதுன்னு போடுறது?”

ஒரு தடவை சம்பாவுக்குக் காப்பீடு பதியும் நாட்கள். வாசலிலிருந்து ரோடு வரைக்கும் ஆட்கள் கையில் காகிதங்களோடு நிற்கிறார்கள். அக்கா ஒரு குட்டிப் பெண்ணிடம், பேருக்குப் பின்னால் என்ன எண் போடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது பதினொன்று என்றது, வேண்டாம் எட்டு என்றது, திரும்பப் பதினொன்று என்றது. வரிசையில் நின்ற ஒரு பெரிய விவசாயிக்குப் பொறுக்கவில்லை.

“ஏம்மா, பத்து ஏக்கர் வச்சிருக்கிறவன் இவ்வளவு நேரமா நிக்கிறேன். அந்த வாண்டோட வெளையாட்டு ஒனக்குப் பெருசாப் போச்சா?”

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஐயா, உங்க நெல்லுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு. இதோட அப்பாவுக்கு இன்னிக்கு ஒருநாள்தான் லீவு. அதோட, இது உங்களுக்கு முன்னால வந்துச்சு.”

“பத்து ஏக்கரையும் அந்த கேம்லயே சேத்துவிட்டுடுங்க மாமா, வேலை சீக்கிரம் முடிஞ்சிடும்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, வரிசையே சிரித்தது. அந்தப் பெரியவரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அப்போது நான் என் மகளைக் கூப்பிட்டுப் போக வந்து நின்றிருந்தேன். அவள் அக்காவின் மடியில் சாய்ந்துகொண்டு, “பதினொண்ணே வச்சுக்க, அதான் நல்லாருக்கு” என்று அந்தப் பெண்ணுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “அதுக்குள்ள வந்துட்டியாம்மா?” என்றாள்.

அந்த ‘அதுக்குள்ள’ இன்னும் எனக்குள் இருக்கிறது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். கேஸை மூடினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். காலையில் பள்ளிக்கூட வேன் ஐந்து நிமிஷம் தாமதமானால் தெருமுனை வரைக்கும் ஓடிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்கிறார். அவருக்கு ஒரு ஆசை வந்தது. கட்டம் கட்டமாக அடுக்கி வீடு கட்டுகிற ஒரு விளையாட்டு இருக்கிறதாம், அதில் மகளும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் பெண்ணும் அதற்குள் சேர்ந்து இருக்கலாமாம். அப்போது மகளுக்கு ஏழு வயது. நான் அவளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன்.

மகள் தனக்கு ‘குட்டி மழை’ என்று பேர் வைத்துக்கொண்டாள். பிறந்த தேதி போட்டாகிவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

“ஏழு வயசுங்கிறதால அம்மா அப்பாவோட ஈமெயில் கேக்குது. புதுசா யாரையாவது ஃபிரெண்டா சேக்கணும்னாலும், வேற கேமுக்குள்ள போகணும்னாலும் அம்மாவைக் கேட்டுட்டுத்தான் விடும். உங்க ஈமெயில் சொல்லுங்க.”

என் ஃபோனில் ஈமெயில் இருந்தது. வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்தது. அது என்ன, அதை எப்படித் திறப்பது, ஒன்றும் எனக்குத் தெரியாது. கடையில் நாலு பேர் நின்றார்கள். அதில் ஒருத்தி என்னோடு எட்டாவது வரை படித்தவள், இப்போது டீச்சர்.

“எனக்கு அதெல்லாம் இல்லக்கா. உங்களுதையே போட்டுடுங்க.”

“எல்லாம் எனக்குத்தான் வரும். பரவாயில்லையா?”

“வரட்டுமே. நீங்க என்ன அன்னியமா?”

அவர் மூக்கில் நழுவிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு, “இப்போதைக்குப் போடுறேன். பத்து நாள்ல உங்க பேருக்கு மாத்திக்கலாம்” என்றார். பத்து நாளில் கேட்டார். ஒரு மாதத்தில் கேட்டார். பொங்கல் கழித்துக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான், “அப்புறம் பாத்துக்கலாங்க்கா” என்றேன். எனக்குத் தெரியாது என்கிற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

நான் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன், ஐந்தரைக்குத்தான் விடுவார்கள். வேன் நாலரைக்கே வந்துவிடும், அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். அந்த ஒரு மணி நேரம் மகள் அங்கே இருந்தாள். முதலில் ஆன்ட்டி என்றவள் பிறகு பெரியம்மா என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அக்கா என்றால் அவளுக்குப் பெரியம்மாதானே, முறை சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததாலேயே எனக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வாரத்தில் இரண்டு தடவையாவது அவர் ஃபோன் செய்வார். “உங்க பொண்ணு ஒருத்தரை ஃபிரெண்டா சேக்கணும்னு கேக்குது. கூடப் படிக்கிற பொண்ணாம், மூணாவது பெஞ்சாம், போன வாரம் கையில கட்டுப் போட்டுக்கிட்டு வந்துச்சாமே, அதுவாம். விடலாமா?”

விடலாமா என்று என்னிடம்தான் கேட்பார். கேட்காமல் ஒரு நாளும் எதையும் விட்டதில்லை. ஆனால் அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண்ணையும் அவள் கைக்கட்டையும் நான் அவர் வாயால்தான் கேள்விப்படுவேன். மகளுக்குக் கீழ்ப் பல் ஒன்று ஆடுகிறது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று இரவு, “என்கிட்ட ஏன்டி சொல்லல?” என்று கேட்டேன். “நீ பயப்படுவம்மா” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தான் கட்டிய வீட்டை எனக்குச் சுற்றிக் காட்டினாள். நீலக் கூரை, வாசலில் வாய்க்கால், அதில் வாத்து. இது என் ரூம், இது அப்பா ரூம், இது பெரியம்மா ரூம் என்றாள். பெரியம்மா ரூமில் ஒரு கம்ப்யூட்டர் மேஜைகூட இருந்தது.

“எனக்கு எங்கடி?”

அவள் நிஜமாகவே குழம்பிப் போனாள். “நீதான் இதுல இல்லையேம்மா” என்றாள்.

மறுநாள் கடைத்தெருப் பூக்காரம்மாவிடம் அக்காவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னேன். “புள்ளை பெத்து வளத்திருந்தா அருமை தெரியும். இதுக்கு என்ன தெரியும், ஊரான் புள்ளைய மடியில போட்டுக்கிட்டு.” பூக்காரம்மா வாயில் அது எத்தனை நேரம் நிற்கும்? சாயங்காலம் நான் போனபோது கடையில் யாருமில்லை. அக்கா எப்போதும் போல, “வாங்க” என்றார். மகளின் பையை எடுத்துக் கொடுத்தார். கிளம்பும்போது கோபமே இல்லாமல் சொன்னார்.

“எனக்குத் தெரியாதுதாங்க. அதான் எதுவா இருந்தாலும் புள்ளைங்களையே கேட்டுக்கிறேன்.”

திட்டியிருக்கலாம் அவர். எனக்கு அது சௌகரியமாக இருந்திருக்கும்.

எல்லா அம்மாக்களுக்கும் அவரைப் பிடித்திருந்தது என்றும் சொல்ல முடியாது. ஒருத்தி தன் பிள்ளையின் தொல்லை தாங்காமல் கணக்கைப் பூட்டச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம், “கேம் கம்பெனிக்காரனே மூடிட்டுப் போயிட்டான்” என்று சொல்லிவைத்திருந்தாள். பிள்ளை அழுதுகொண்டே கடைக்கு வந்து, “நெஜமா?” என்று கேட்டது. அக்கா அதன் உயரத்துக்குக் குனிந்து, “மூடல. உங்கம்மா பரீட்சை வரைக்கும் பூட்டச் சொன்னாங்க, நான்தான் பூட்டினேன். உன் வீடு அப்படியே இருக்கு. பரீட்சை முடிஞ்சதும் வா, தொறந்து காட்டுறேன்” என்றார். அந்த அம்மா வந்து தெருவே பார்க்கச் சண்டை போட்டாள். “எம் புள்ளைகிட்ட நான் பொய் சொல்லுவேன், சொல்லாம இருப்பேன், அதக் கேக்க நீ யாரு?” அக்கா, “நீங்க சொல்லிக்குங்க. என்னைக் கேட்டுச்சுன்னா நான் என்ன பண்றது?” என்றார். நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். மனசுக்குள் அந்த அம்மாவின் பக்கம்தான் நின்றேன்.

இப்போது அந்த அக்கா இங்கே இல்லை. வேதாரண்யத்தில் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விட்டார். அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கிறார், அவர் என்ன வயது சொன்னாலும் போட்டுக் கொடுக்கிறார்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் இங்கே இருந்தபோதே, கணக்குத் தொடங்கிய மறு வருஷம் ஐப்பசியில், கடைக்கு ஜவுளி எடுக்கக் கும்பகோணம் போன நாளில், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரீசார்ஜ் கடையில் ஃபோனை நீட்டினேன். “புதுக் கணக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி. அம்மா அப்பான்னு யாரையும் கேக்கக் கூடாது.” அவர் தலையைத் தூக்காமலே, “அப்ப வயசு கூடப் போடணும். உங்க பொறந்த வருஷம் சொல்லுங்க” என்றார். சொன்னேன். இரண்டே நிமிஷம். என் எட்டு வயது மகளுக்கு என் வயது. நடுவில் எந்தப் பெரியம்மாவும் இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

மகள் திறந்து பார்த்துவிட்டு, “என் வீடு எங்கம்மா?” என்றாள்.

“புதுசாக் கட்டிக்கலாம். இனிமே இதுக்கெல்லாம் பெரியம்மாவைத் தொந்தரவு பண்ணக் கூடாது.”

அவள் ஒரு சுவர் மட்டும் கட்டினாள். அக்காவிடமிருந்து ஃபோன் வருவது நின்றுவிட்டது. அவர் என்ன ஏது என்று கேட்கவும் இல்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். சனிக்கிழமை மதியம், எனக்கு அரை நாள் விடுமுறை. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மகள் ஃபோனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

“அம்மா, கேம்ல இவங்க ஏதோ கேக்குறாங்க. என்னன்னு படி.”

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். மகளும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ‘நீ எந்த ஸ்கூல்’ என்பதைப் படிக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. அடுத்த வரிக்கு இன்னும் நேரம் ஆனது. ‘வீட்ல இப்ப யாரு இருக்கா.’

சிங்கப்பூருக்கு அடித்தேன், அவர் வேலையில் இருந்தார், எடுக்கவில்லை. யாரோ எங்கோ உட்கார்ந்து என் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். பிறகு திறந்தேன். மகளைக் குடைக்குள் இழுத்துக்கொண்டு எங்கே போகிறேன் என்று யோசிக்காமலே கடைத்தெருவுக்கு நடந்தேன்.

அக்கா ஒரே பார்வையில் படித்துவிட்டார். எனக்கு எத்தனை நேரம் ஆனது! அந்தப் பயத்திலும் அது உறுத்தியது. என்னிடம் ஒன்றும் கேட்காமல் மகளை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

“நீ பதில் எழுதினியா?”

“இல்ல.”

“ஏன் எழுதல?”

“எனக்கு என்னன்னு தெரியல. அதான் அம்மாவைக் கேட்டேன்.”

“அதான் சரி. அம்மாவைத்தான் கேக்கணும்.” பிறகு திரையில் ஒரு இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “முப்பத்தாறு வயசுன்னு இருக்குங்க. முப்பத்தாறு வயசு ஆளுகிட்ட பேசுற மாதிரிதான் எல்லாரும் வந்து பேசுவாங்க. இதுல குறுக்க யாரும் நிக்க மாட்டாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஆளிடமிருந்து இனிச் செய்தி வராதபடி தடுத்தார், புகார் எழுதி அனுப்பினார். கணக்கை அழிக்கலாமா என்று மகளிடம் கேட்டார். அவள் சரி என்று தலையாட்டினாள். “பழைய வீடு?” என்றாள். “வாத்தோட அப்படியே இருக்கு” என்றார் அக்கா.

நான் அப்போதுதான் சொன்னேன். மழைச் சத்தத்தில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. “எனக்கு ஈமெயில் தெரியாதுக்கா. இருக்கு, தொறக்கத் தெரியாது.”

“ஃபோனைக் குடுங்க” என்றார்.

இரண்டு மணி நேரம் ஆனது. எனக்குப் புதிதாக ஒன்று போட்டார். என் பிறந்த தேதி கேட்டபோது, “சர்டிபிகேட்ல இருக்கிறதா, நெஜமானதா?” என்றேன். எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் எழுதியதுதான். நான் நிஜமாகப் பிறந்தது தை மாதம், களத்தில் நெல் அடித்துக்கொண்டிருந்த நாள் என்று அம்மா சொல்லுவாள். அக்கா முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். “பெரியவங்க வயசு அவங்கவங்க பாடுங்க. ஆதார்ல என்ன இருக்கோ அதையே போடுங்க.” ஒவ்வொரு எழுத்தையும் என்னையே தட்ட வைத்தார். கடைசியில் ‘பெற்றோர்’ கட்டத்திலிருந்து தன்னுடையதை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தார். எனக்குப் படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழில் மாற்றினார். என் ஃபோனுக்குச் செய்தி வருகிறதா என்று மூன்று தடவை அனுப்பிச் சோதித்தார். மூன்று தடவையும் வந்தது.

வீட்டுக்கு வரும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

நாலைந்து நாள் கழித்து, ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. முதல் கேள்வி வந்துவிட்டது. ‘குட்டி மழை ஒருவரை நண்பராகச் சேர்க்க விரும்புகிறார். அனுமதிக்கிறீர்களா?’ யாரென்று பார்த்தேன். ஊதா விரல் என்று ஒரு பேர். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இனி நீங்கள் என் கணக்கில் இல்லையே, நண்பராகவாவது வாருங்கள் என்று மகள் நச்சரித்து, அந்த அக்காவையும் கணக்குத் தொடங்க வைத்திருக்கிறாள்.

ஒரு வருஷமும் நாலு மாதமும் எனக்கு வராத கேள்வி. வந்த முதல் கேள்வியிலும் அவரே வந்து நிற்கிறார். நான் எதையும் அழுத்தாமல் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

சாயங்காலம் மகள், “அம்மா, உனக்கு ஒண்ணு வந்துச்சா?” என்றாள்.

“இல்லையே.”

மறுநாள் அவளே வந்து, ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி எனக்கு விளக்கினாள். “பெரியம்மாகிட்ட கேட்டேம்மா, அம்மாவுக்கு ஏன் வரலன்னு. சர்வர் சரியில்லையாம். மூணு நாளாவது ஆகுமாம். அதுவரைக்கும் அம்மாவைப் போட்டு நச்சரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க.”

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நிமிரவில்லை. “அப்படியா சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“ஆமா. நெஜமாவான்னு கேட்டேன். நெஜமாதான்னாங்க.”

அவர் கொடுத்த அந்த மூன்று நாளில் இரண்டரை நாளை முழுசாக எடுத்துக்கொண்டுதான் நான் ‘அனுமதி’யை அழுத்தினேன்.